பழைய கேம்பாயில் இசையமைக்க அந்தக் கருவியேதான் வேண்டுமா?

மாமா 1990களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சாம்பல் நிறக் கேம்பாய் (நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவி) அலமாரியில் கிடக்கிறது, அதில் சிப்டியூன், அதாவது பழைய விளையாட்டுக் கருவிகள், கணினிகளின் ஒலிச் சிப்பை வைத்து எழுதும் இசை, அமைக்க முடியுமா, கணினியில் எமுலேட்டரில், அதாவது அந்தக் கருவியைப் போல நடிக்கும் மென்பொருளில், செய்தால் அது போலியாகிவிடுமா, நான்கே ஒலி எழுப்பும் கருவியில் அத்தனை அடர்த்தி எப்படி வருகிறது, நம் ராகங்களை அதில் வாசிக்க இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு கேள்விகளாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது: அந்த ஓசை பழைய கருவியிலிருந்து வருகிறதா, அதைக் கையாளும் முறையிலிருந்து வருகிறதா? பெரும்பகுதி முறையிலிருந்துதான் வருகிறது என்பது என் பதில். கருவியால் மட்டுமே வருவது என்று ஒரு சிறுபகுதி உண்டு; அது எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடியும், எனவே அதைப் பற்றியும் விரிவாகவே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மின்னணுவியல் படித்து, கேம்பாயிலும் கொமடோர் 64 கணினியிலும் பல ஆண்டுகள் வேலை செய்த அனுபவத்தில் எழுதுகிறேன். அமிகா கணினி, ஃபாமிகாம் விளையாட்டுக் கருவி போன்றவற்றை அவ்வளவு நெருங்கிக் கையாண்டதில்லை என்பதால் அவற்றைத் தேவையான இடத்தில் மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

கேம்பாய் 1989இல் ஜப்பானில் வெளிவந்தது. அதன் ஒலிப்பகுதி மையச் செயலியின் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, அதில் நான்கு சேனல்கள் உள்ளன. முதல் இரண்டும் செவ்வக அலையை எழுப்புபவை. அலை ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதை 12.5, 25, 50, 75 விழுக்காடு என்று நான்கு அளவுகளில் வைக்கலாம், 12.5 மூக்கால் பாடுவது போல ஒல்லியாகவும், 50 உருண்டையாகவும் ஒலிக்கும். 25, 75 இரண்டும் ஒன்றையொன்று தலைகீழாகப் புரட்டிய அலைகள் என்பதால் தனியாகக் கேட்கும்போது காதுக்கு வேறுபாடே தெரியாது. ஆக, கையில் உண்மையாக இருப்பவை மூன்று குரல்கள்தாம். மூன்றாவது சேனலில் அலையின் வடிவத்தை நாமே வரையலாம்: 32 புள்ளிகள், ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரையிலான உயரம். நான்காவது சேனல் இரைச்சலை எழுப்புவது. தாளக் கருவிகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. அதில் இரண்டு நிலைகள் உண்டு. நீண்ட நிலையில் 32,767 படிகளுக்குப் பிறகே அதே வரிசை திரும்ப வருவதால் மழை பெய்வது போன்ற ஒலி கிடைக்கிறது. குறுகிய நிலையில் 127 படிகளிலேயே திரும்பிவிடுவதால் இரைச்சல் உலோகத் தன்மை பெற்று, ஏறக்குறைய ஒரு சுருதியாகவே கேட்கத் தொடங்குகிறது.

இந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முரட்டுக் கட்டுப்பாடு இருக்கிறது, இசையின் குணத்தைத் தீர்மானிப்பது அதுதான். செவ்வக அலைச் சேனல்கள் 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கா. அதற்குக் கீழான மந்திர ஒலி, அதாவது பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி, வேண்டுமென்றால் 32 ஹெர்ட்ஸ் வரை இறங்கக் கூடிய மூன்றாவது சேனலுக்குப் போக வேண்டும். ஆனால் அந்தச் சேனலில் ஒலியளவு நான்கே நிலைகள்: முழுமை, பாதி, கால், மௌனம். மெல்லத் தேய்ந்து மறையும் ஒலியை அதில் நேரடியாக எழுப்ப முடியாது. பழகியவர்கள் என்ன செய்வார்கள் என்றால், ஒரே அலைவடிவத்தை உயரம் குறைத்துக் குறைத்துப் பல படிகளாக வரைந்து வைத்துக்கொண்டு அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிவிடுவார்கள். வடிவம் மாறுவதைக் காது ஒலி தேய்வதாக எடுத்துக்கொள்ளும். சேனல்களை இடப்பக்கம், வலப்பக்கம், இரண்டும் என்று மட்டுமே பிரிக்கலாம். இடையில் எங்கும் நிறுத்த முடியாது. இதெல்லாம் சிப்பின் அமைப்பிலேயே உள்ளவை, ஐயத்துக்கு இடமில்லாதவை. நல்ல எமுலேட்டர் ஒவ்வொன்றையும் அப்படியே நடத்திக் காட்டும்.

இனி அடர்த்தியைப் பற்றி. ஒரு சேனல் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கும் என்பதால், மூன்று சுரம் சேர்ந்த கார்டு வேண்டுமானால் மூன்று சேனல்கள் போய்விடும், மிச்சமிருப்பது இரைச்சல் மட்டுமே. அதனால் மூன்று சுரங்களையும் ஒரே சேனலில், நொடிக்கு ஐம்பது அறுபது முறை என்ற வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிக்கவிடுகிறார்கள். சுழலும் மின்விசிறியின் இறக்கைகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே வட்டமாகத் தெரிவதைப் போல, காது அவற்றைச் சேர்த்து ஒரே கார்டாகக் கேட்கிறது. ஆனால் முழுதாக ஒட்டிவிடாமல் ஒரு நடுக்கம் மிஞ்சுகிறது. சிப்டியூன் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் அந்தக் கிளுகிளுப்பு இந்த நடுக்கம்தான். ஏன் ஐம்பது அறுபது என்றால், அக்கால விளையாட்டு நிரல்கள் திரையின் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒருமுறை ஒலிச் சிப்பின் ரெஜிஸ்டர்களை, அதாவது அதன் கட்டுப்பாட்டு எண்களை, மாற்றி எழுதின. ஐரோப்பியத் தொலைக்காட்சியில் அது நொடிக்கு 50, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 60, கேம்பாயின் சொந்தத் திரையில் ஏறக்குறைய 59.7. அமிகாவில் டிராக்கர் வகை மென்பொருள் (சுரங்களை மேலிருந்து கீழாக வரி வரியாக எழுதுவது) பயன்படுத்தியவர்களுக்கு நிமிடத்துக்கு 125 அடி என்ற தாளவேகம் மனப்பாடமாக இருக்கும். அந்த எண்ணும் இதிலிருந்து வந்ததே. ஒரு புதுப்பிப்பை ஒரு துடிப்பு என்று கொண்டால்: ஒரு வரிக்கு 6 துடிப்பு, ஒரு அடிக்கு 4 வரி என்றால் அடிக்கு 24 துடிப்பு; நொடிக்கு 50 துடிப்பு வீதம் நிமிடத்தில் 3,000 துடிப்பு; 24ஆல் வகுத்தால் 125. ஐரோப்பிய மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஒரு தலைமுறையின் நடன இசைக்கு வேகம் குறித்துக் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

கார்டு மட்டுமல்ல, எதிரொலியும் இப்படிக் கடன் வாங்கியதுதான். முதல் சேனலில் வாசித்த வரியையே இரண்டாவது சேனலில் இரண்டு மூன்று வரிகள் தள்ளி, ஒலியளவைக் குறைத்து வாசித்தால் பெரிய மண்டபத்தில் கேட்பது போலிருக்கும். இரண்டாவது சேனலை அதற்கு விட்டுக்கொடுக்க மனமில்லாவிட்டால், முதல் சேனலிலேயே இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் முந்தைய சுரத்தை மெலிதாகச் செருகலாம். தாளத்துக்கும் ஒரு தந்திரம் இருக்கிறது. கொமடோர் 64இல் மொத்தம் மூன்றே குரல்கள் என்பதால் முரசுக்கென்று ஒன்றை ஒதுக்க யாருக்கும் மனம் வராது; ஆகவே மந்திர ஒலி வாசிக்கும் குரலையே ஒரு கணம் பிடுங்கி, முதல் துடிப்பில் இரைச்சல், அடுத்த இரண்டு மூன்று துடிப்புகளில் வேகமாகக் கீழிறங்கும் சுருதி, பிறகு மீண்டும் மந்திர ஒலி என்று எழுதுவார்கள். அடி விழும் அந்தக் கணத்தில் மந்திர ஒலி இல்லை என்பதைக் கேட்பவர் கவனிப்பதே இல்லை. ஒரு பாட்டைச் சேனல் சேனலாக அணைத்துக் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு குறைவான பொருளை வைத்து எழுப்பிய கட்டடம் என்று புரியும். சிப்டியூனைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியாது.

கேம்பாயில் எழுதுவதற்கான மென்பொருள்களில் இரண்டு நிலைத்துவிட்டன. ஜெர்மானியரான ஆலிவர் விட்சோவின் நானோலூப் 1998இல் வந்தது. பதினாறு கட்டங்களைக் கொண்ட சதுரத்தில் புள்ளிகளை வைத்துக்கொண்டே போகும் எளிய அமைப்பு, கையில் வைத்துக்கொண்டு விளையாட்டாக இசை உருவாக்க ஏற்றது. சில ஆண்டுகளில் வந்தது சுவீடனைச் சேர்ந்த யோஹன் கோட்லின்ஸ்கியின் லிட்டில் சவுண்ட் டிஜே, சுருக்கமாக எல்எஸ்டிஜே. இது முழுமையான டிராக்கர். திட்டமிட்டு ஒரு முழுப் பாட்டை எழுதும் எண்ணம் உங்கள் கேள்வியில் தெரிவதால் இதையே பரிந்துரைக்கிறேன். இவற்றை அவற்றை உருவாக்கியவர்களின் தளங்களிலிருந்து நேரடியாகப் பெறுங்கள். எவரோ தொகுத்து ஏற்றிவைத்திருக்கும் கோப்புகளில் பழைய பதிப்புகளும் பழுதான பதிப்புகளும் கலந்து கிடக்கின்றன.

எல்எஸ்டிஜேயின் திரையில் முதலில் தெரிவது நான்கு நெடுவரிசைகள், சேனலுக்கு ஒன்று. அவற்றில் சங்கிலிகளின் எண்களை எழுதுகிறோம். ஒரு சங்கிலிக்குள் சொற்றொடர்கள். ஒரு சொற்றொடருக்குள் பதினாறு வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு சுரம், ஒரு கருவி எண், ஒரு கட்டளை. செலக்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு அம்புக்குறியை நகர்த்தினால் ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்குப் போகலாம். ஏ பொத்தானைத் தட்டினால் சுரம் விழும். அதை அழுத்திக்கொண்டே இடம் வலம் நகர்த்தினால் அரைச்சுரம் மாறும், மேலே கீழே நகர்த்தினால் ஸ்தாயி மாறும். எண்கள் எல்லாம் பதினாறை அடியாகக் கொண்டவை, 9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை போகும். புதியவர்கள் கைவிட்டுவிட்டுப் போகும் இடம் இதுதான். ஒரு வாரம் பொறுத்துக்கொண்டால் விரல்கள் தாமாகவே போகத் தொடங்கும். மேலே சொன்ன கார்டுத் தந்திரத்துக்கு ஒரே கட்டளை போதும்: ஒரு சுரத்தின் பக்கத்தில் சி 47 என்று எழுதினால், அந்தச் சுரம், அதிலிருந்து நான்கு அரைச்சுரம் மேலே, ஏழு அரைச்சுரம் மேலே என்று மூன்றும் துடிப்புக்கு ஒன்றாகச் சுழலும், மேஜர் கார்டு பிறக்கும். சி 37 என்று எழுதினால் மைனர். தாளவேகத்தை 150இல் வைத்தால் நொடிக்குச் சரியாக 60 துடிப்புகள் வரும், பழைய விளையாட்டுகளின் அதே நடுக்கம் கிடைக்கும். 100க்குக் கீழே கொண்டுபோனால் துடிப்புகளின் வேகம் குறைந்து கார்டு பிரிந்து கேட்கத் தொடங்கும். வேகத்தைக் குறைத்ததும் பாட்டு மலிவாக ஒலிக்கிறதே என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுவே. அப்போது ஒரு வரிக்கான துடிப்பு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு தாளவேகத்தை உயரத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்ன எதற்கும் மாமாவின் கேம்பாய் தேவைப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சேம்பாய், பிஜிபி போன்ற எமுலேட்டர்கள் ஒலிச் சிப்பின் நடத்தையைத் துடிப்பு பிசகாமல் நடத்திக் காட்டுகின்றன. எல்எஸ்டிஜேயும் அவற்றில் நன்றாகவே ஓடும். கையடக்கக் கருவியின் சின்னத் திரையே வேண்டாம் என்றால் ஃபர்னேஸ், ஹியூஜ்டிராக்கர் போன்ற இலவச டிராக்கர்களில் கணினித் திரையிலேயே கேம்பாய்க்கான இசையை எழுதலாம். ஃபர்னேஸில் கொமடோரின் சிப், ஃபாமிகாமின் சிப் உட்பட இன்னும் பலவும் உண்டு. இப்படிச் செய்தது சிப்டியூன் ஆகாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் வேறொரு இடத்தில் கோடு போடுவேன். சிப்பின் கட்டுப்பாடுகளுக்குள் நின்று எழுதியது சிப்டியூன், அது எதில் ஒலித்தாலும் சரி. ஐம்பது தடங்களில் செவ்வக அலையை அடுக்கி, மேலே நவீன எதிரொலியைப் பூசியது வேறு வகை. அந்த வேறு வகையிலும் அருமையான இசை உண்டு, ஆனால் அதில் மேற்சொன்ன தந்திரங்கள் எதற்கும் தேவை எழுவதில்லை.

சரி, கருவியால் மட்டுமே வருவது எது? கேம்பாயைப் பொறுத்தவரை அது சிப்புக்குப் பின்னால், ஒலி வெளியே வரும் மின்சுற்றில் இருக்கிறது. முதல் வகைக் கேம்பாயில் ஹெட்போன் வழியாகக் கேட்கும் மந்திர ஒலிக்கு ஒரு கனம் உண்டு. அடுத்து வந்த கேம்பாய் பாக்கெட்டில் அது மெலிந்துவிடுகிறது. பல பேர் இவற்றைப் பதிவுசெய்து ஒப்பிட்டிருக்கிறார்கள், சாதாரணக் காதுக்கே வேறுபாடு தெரியும். கேம்பாய் அட்வான்ஸும் அதன் மடக்கு வடிவமும் பழைய கேசட்டுகளை ஏற்கும் என்றாலும், அவற்றில் நான்கு சேனல்களும் எண்ம முறையில் கலக்கப்பட்டு வேறொரு வழியில் ஒலியாக்கப்படுவதால் அடியில் ஒரு கரகரப்பு வந்து சேர்கிறது. நின்டெண்டோ டிஎஸ் கேம்பாய் அட்வான்ஸின் கேசட்டுகளை மட்டுமே ஏற்கும், அதற்கு முந்தைய கேம்பாய் கேசட் அதில் நுழையவே நுழையாது. இதை அறியாமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆக, உங்கள் அலமாரியில் இருப்பது சாம்பல் நிற முதல் வகை என்றால் இசைக்காகப் பலரும் தேடும் மாதிரி அதுதான். குறிப்பிட்ட தொடர் எண் கொண்ட கருவிகளில் மந்திர ஒலி இன்னும் கனமாக இருக்கும், குறிப்பிட்ட ஆண்டில் செய்தவை மேலானவை என்றெல்லாம் விற்பவர்கள் சொல்வதை மட்டும் நான் ஏற்பதில்லை. முப்பது ஆண்டு தாண்டிய மின்தேக்கிகள் ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு அளவுக்கு வலுவிழந்திருக்கும். ஒரு கருவி நன்றாக ஒலித்தால் அது பிறந்த ஆண்டால் ஒலிக்கிறதா, மின்தேக்கி பிழைத்ததால் ஒலிக்கிறதா என்று பிரித்துச் சொல்வதற்கு இரண்டையும் கழற்றி அளந்து பார்க்க வேண்டும். வண்ண உடலும் நீல விளக்கும் போட்டு இரட்டை விலைக்கு விற்பவர்கள் அப்படி அளந்து காட்டி நான் பார்த்ததில்லை.

கொமடோர் 64இல் நிலைமை வேறு. அங்கே கருவியின் பங்கு பெரியது. 1982இல் வந்த அந்தக் கணினியின் சிட் என்ற ஒலிச் சிப்பை வடிவமைத்தவர் பாப் யானஸ். இசைக் கருவி செய்யும் எண்ணத்தோடே அதைச் செய்தார், பிறகு என்சோனிக் என்ற சிந்தசைசர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். மூன்று குரல்கள், ஒவ்வொன்றுக்கும் முக்கோணம், ரம்பப்பல், செவ்வகம், இரைச்சல் என்று நான்கு அலைகள், எல்லாவற்றுக்கும் மேலாக அனலாக் வடிகட்டி ஒன்று. முதல் வகையான 6581 சிப்பில் அந்த வடிகட்டி தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஒரே எண் தாங்கிய இரண்டு சிப்புகளில் ஒரே பாட்டை ஓட்டினால், ஒன்றில் குரல் திறந்து பளிச்சென்று வரும், இன்னொன்றில் அதே இடம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கிக் கேட்கும். பின்னர் வந்த 8580 சிப்பில் இது பெருமளவு சீராகிவிட்டது. ஆனால் 6581இன் ஒலியளவு ரெஜிஸ்டரை வேகமாக மாற்றிக் குரல் மாதிரிகளை ஒலிக்கவைத்த தந்திரம் இதில் மிகவும் மெலிந்து போனது. எனவே சிட் இசைக்கு இதுதான் அசல் ஒலி என்று ஒன்றைச் சுட்டவே முடியாது. எழுதியவரின் மேசையில் இருந்த சிப்பில் எப்படி ஒலித்ததோ அதுவே அவருக்கு அசல். எமுலேட்டர்களும் அளந்து பார்த்த குறிப்பிட்ட சில சிப்புகளின் வடிகட்டியைத்தான் நடித்துக் காட்டுகின்றன. கொமடோர் வாங்கும் எண்ணம் எப்போதாவது வந்தால் ஓர் எச்சரிக்கை: பழைய மின்வழங்கிப் பெட்டியைச் செருகாதீர்கள். அதன் 5 வோல்ட் சீராக்கி பழுதானால் மின்னழுத்தம் மேலே ஏறி நினைவகச் சிப்புகளைக் கொன்றுவிடும். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் அது நம் 230 வோல்ட்டுக்கு உரியதும் அன்று.

உங்கள் கேம்பாயைப் பற்றி நடைமுறையில் சொல்ல வேண்டியவை சில. பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி கசிந்து தகடுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் கொண்டு துடைத்துக் காயவிடுங்கள். ஒலியளவுச் சக்கரத்தைத் திருப்பும்போது கரகரத்தால் உள்ளே தூசி படிந்திருக்கிறது, அதற்கான தெளிப்பான் போட்டால் சரியாகும். திரையில் செங்குத்துக் கோடுகள் விடுபட்டிருந்தால் பதற வேண்டாம், அது பட்டைக் கம்பியின் ஒட்டு விட்டுப்போனதால் வருவது, சூடான சால்டரிங் அயர்னால் கைதேர்ந்தவர்கள் சரிசெய்துவிடுவார்கள். எல்எஸ்டிஜேயை ஏற்ற எவர்டிரைவ் போன்ற, மீண்டும் எழுதக்கூடிய கேசட் ஒன்று வேண்டும். மொத்தச் செலவில் பெரும்பகுதி அதற்கே போகும். பாட்டுகளைப் பேட்டரியின் தயவில் நினைவில் வைத்திருக்கும் கேசட்டாக இருந்தால், அந்தப் பொத்தான் பேட்டரி தீரும் நாளில் எல்லாம் அழிந்துவிடும். வாரம் ஒருமுறை கணினிக்குப் படியெடுத்துவிடுங்கள்.

பதிவுசெய்யும்போது ஹெட்போன் துளையில் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும், பின்விளக்கு பொருத்திய கருவிகளில் இன்னும் கூடுதலாகக் கேட்கும். உள்ளே இருக்கும் பெருக்கிக்கு முன்னாலேயே, ஒலியளவுச் சக்கரத்திலிருந்து கம்பி இழுத்துத் தனித் துளை வைப்பது இதற்கான வழக்கமான மாற்றம். ரீங்காரம் வெகுவாகக் குறையும். ஆனால் அதைச் செய்யும் முன், ஒவ்வொரு சேனலாக மற்றவற்றை அணைத்துத் தனித்தனியாகப் பதிவுசெய்து கணினியில் சேர்த்துப் பாருங்கள். மந்திர ஒலியில் ரீங்காரம் மறைந்துவிடும், மற்றவற்றில் வெட்டி எடுத்துவிடலாம். மாமாவின் நினைவாக இருக்கும் பொருளில் துளை போடாமல் காரியம் முடிந்துவிட்டால் நல்லதுதானே.

கடைசியாக ராகம். தாளத்தில் சிக்கலே இல்லை. சொற்றொடருக்குப் பதினாறு வரி என்பது ஆதி தாளத்துக்கு இயல்பாகப் பொருந்தும். மிஸ்ர சாப்புக்குப் பதினான்கு வரி போதும், பதினைந்தாவது வரியில், அதாவது இ என்று எண்ணிட்ட வரியில், தாவும் கட்டளையான எச் 00 எழுதிவிட்டால் அடுத்த சொற்றொடருக்குப் போய்விடும். சிக்கல் கமகத்தில்தான் வருகிறது. கேம்பாயின் செவ்வக அலைச் சேனல் 1,31,072 என்ற எண்ணை ஒரு முழு எண்ணால் வகுத்து அதிர்வெண்ணைப் பெறுகிறது. 440 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 298ஆல் வகுக்கிறது, கிடைப்பது 439.84, காதுக்குப் பிழை தெரியாது. அடுத்த படிக்கும் இதற்கும் உள்ள இடைவெளி, ஓர் அரைச்சுரத்தை 100 சென்ட் என்று கொண்டால், சுமார் 6 சென்ட். இதே சுரத்தை மூன்று ஸ்தாயி மேலே, 3,520 ஹெர்ட்ஸில் கேட்டால் வகுக்க வேண்டிய எண் 37 ஆகச் சுருங்கிவிடுகிறது. கிடைப்பது ஏறக்குறைய 3,542, அதாவது 11 சென்ட் மேலே. அடுத்த படியோ 46 சென்ட் தள்ளி இருக்கிறது. மூன்றாவது சேனலில் எல்லாம் பாதி எண்ணால் நடப்பதால் அதே சுரத்துக்குப் படிகள் இன்னும் இரட்டிப்பு முரடாக இருக்கும். ஆகவே மேல் ஸ்தாயியில் இழுக்கும் ஜாரு வழுக்கிச் செல்லாமல் படியேறுவது போலக் கேட்கும். 440 ஹெர்ட்ஸைச் சுற்றியும் அதற்குக் கீழேயும், செவ்வக அலைச் சேனலில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான கமகங்கள் தாங்கும்.

அப்போதும் வைப்ரேட்டோ கட்டளையைக் கமகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அது சுரத்தின் இருபக்கமும் சமமாக, ஒரே வேகத்தில் ஆடுவது. தோடியின் காந்தாரமோ ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடுவது, ஒவ்வொரு ஆட்டமும் ஒவ்வொரு இடத்தில் சற்றே தங்குவது. அதை எல்எஸ்டிஜேயில் எழுத, ரிஷபத்தை அடித்துவிட்டு அடுத்த வரியில் மத்யமத்தை எழுதி அதன் பக்கத்தில் எல் கட்டளையை வைக்க வேண்டும். புதிதாக அடிக்காமல் முன் சுரத்திலிருந்து அது வழுக்கிச் செல்லும், கட்டளையின் எண் வழுக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும். திரும்ப இறங்கும் வரிக்கு வேறொரு எண் கொடுத்தால் ஏற்றமும் இறக்கமும் சமமாக இருக்காது. காந்தாரம் என்ற சுரத்தை எங்குமே எழுதாமல் காந்தாரம் கேட்கும். ஒரே ஒரு சுரத்துக்கு நான்கைந்து வரிகள் செலவாகும் என்பதால் விளம்ப காலத்தில்தான் இது எடுபடும். வேகமான சுரக்கோவைகளில் நின்ற சுரங்களாக, மோகனம், ஹம்சத்வனி போன்ற ராகங்களில் நிறுத்திக்கொள்வது நல்லது. கமகமே முக்கியம் என்று நீங்கள் முடிவு செய்தால் சிட் சிப்புக்குப் போகலாம். அது வகுக்காமல், சுமார் 0.06 ஹெர்ட்ஸ் என்ற சம இடைவெளிகளில் அதிர்வெண்ணை ஏற்றி இறக்குகிறது. 440 ஹெர்ட்ஸில் அது கால் சென்ட்டுக்கும் குறைவு, மேலே போகப் போக இன்னும் நுண்மையாகும். அதற்கும் கொமடோர் வாங்கத் தேவையில்லை, கோட்டிராக்கர் என்ற இலவச மென்பொருளில் கணினியிலேயே எழுதிப் பார்க்கலாம். சுருதியை வடிகட்டி தொடுவதில்லை என்பதால் கமகத்தைப் பொறுத்தவரை எமுலேட்டருக்கும் அசல் சிப்புக்கும் வேறுபாடு எதுவும் இராது.